அகலக்கால் வைக்கலாமா? சிவிலைசேஷன் 6-ல் முதல் நூறு டர்ன்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா மகன் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். நாடு கட்டி வளர்க்கும் கணினி விளையாட்டான சிவிலைசேஷன் 6, 23-ஆவது டர்ன் (ஆட்டத்தின் ஒரு முறை). ஆற்றங்கரையில் தலைநகரம், மக்கள்தொகை 3, உற்பத்தி வரிசை காலி. கீழே ஒரே ஒரு வரி: "மாமா, இப்ப செட்டிலர் போடவா, கிரானரி போடவா, இல்ல ஆர்ச்சர் போட்டுப் பக்கத்துல இருக்குற கில்காமேஷ அடிக்கவா?"

செட்டிலர் புது நகரம் அமைக்கும் ஆள், கிரானரி தானியக் கிடங்கு, ஆர்ச்சர் வில்வீரன், கில்காமேஷ் கணினி ஆடும் பக்கத்து நாட்டு ராஜா. இந்த விளையாட்டைத் தொட்ட எல்லோரும் ஏறக்குறைய இதே இடத்தில், இதே டர்னில் மாட்டுகிறார்கள். மூன்று பாதைகள் இருக்கின்றன. செட்டிலர்களை வரிசையாக அனுப்பிப் பரப்பலாம். மூன்று நான்கு நகரங்களோடு நிறுத்தி அவற்றைக் கொழுக்க வளர்க்கலாம். அல்லது அடுத்தவன் கட்டியதைப் பிடுங்கலாம். "உனக்கு எது பிடிக்குதோ அதைச் செய்" என்று சொல்பவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடில்லை. பெரும்பாலும் வரைபடமே பதிலைச் சொல்லிவிடுகிறது. அதைப் பொறுமையாகப் படிக்கத்தான் நாம் மறக்கிறோம்.

நான் பேசுவது சிவிலைசேஷன் 6, கேதரிங் ஸ்டார்ம் விரிவாக்கத்தோடு, ஸ்டாண்டர்ட் வேகத்தில், கணினிக்கு எதிராகத் தனியாக ஆடுவதைப் பற்றி. மல்டிபிளேயர் வேறு உலகம். அங்கே பக்கத்தில் இருப்பவனுக்கும் மூளை இருக்கும்.

முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

ஒன்று, நிலம். மற்றவன் வந்து உட்காருவதற்கு முன் நாம் போய்ச் சேரக்கூடிய நல்ல இடங்கள் எத்தனை? "நல்ல இடம்" என்றால் பெரும்பாலும் நல்ல தண்ணீர் உள்ள இடம்.

இரண்டு, தண்ணீர். ஆறோ ஏரியோ ஒட்டிய நகரத்துக்கு ஹவுசிங் (எத்தனை பேர் வசதியாக வாழலாம் என்ற எண்) 5. கடல் மட்டும் இருந்தால் 3. எதுவும் இல்லை என்றால் 2. தலைநகரத்தில் அரண்மனை இன்னொன்று சேர்க்கும். வளர்ச்சியின் கடிவாளம் இந்த எண்ணிடம்தான் இருக்கிறது. உணவு இரண்டாம் பட்சம்.

மூன்று, உற்பத்தி. போடும் ஒவ்வொரு சுத்தியலும் (உற்பத்திப் புள்ளியும்) எத்தனை டர்னில் திரும்ப வரும்?

நான்கு, பிடித்ததைக் கையில் வைத்திருக்க முடியுமா? எந்த நாட்டையும் சேராத பார்பேரியன் கொள்ளையர்கள் ஒரு பக்கம், லாயல்டி இன்னொரு பக்கம். லாயல்டி என்பது ஊர் நம்மிடம் வைக்கும் விசுவாசம், அது தீர்ந்தால் ஊர் கைவிட்டுப் போகும். ஒரு நகரத்தின் லாயல்டியை அதைச் சுற்றி 9 கட்டத்துக்குள் வாழும் மக்கள் எல்லோரும் இழுக்கிறார்கள். தூரம் ஒரு கட்டம் கூடினால் இழுப்பு 10 சதவீதம் குறையும்.

ஐந்தாவதை நான் ஒரு தகுதியாகவே எண்ணுகிறேன், மற்றவர்கள் சிரிப்பார்கள்: நமக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? பன்னிரண்டு நகரங்களோடு 150-ஆவது டர்னை ஆடுவது ஒரு சின்ன அலுவலக வேலை. இரவு பத்து மணிக்கு மேல் உட்காருபவர்களுக்கு அது தெரியும்.

பழைய பழக்கம் செய்யும் கெடுதல்

நம்மில் பலர் 2010-ல் வந்த ஐந்தாம் பாகத்தில் பழகியவர்கள். அதில் செட்டிலர் போட்டால் நகரத்தின் வளர்ச்சி அப்படியே நிற்கும். நகரங்கள் கூடக் கூட நாட்டின் மொத்த மகிழ்ச்சியும் சரியும். கடைசி விரிவாக்கம் வந்த பிறகு ஒவ்வொரு புது நகரமும் ஆராய்ச்சிச் செலவையும் ஏற்றிவிட்டது. அதனால் டிரெடிஷன் என்ற கொள்கையை எடுத்து நான்கு நகரத்தோடு உட்காருவது அங்கே புத்திசாலித்தனம். அகலக்கால் வைக்காதே என்று பெரியவர்கள் சொன்னதை அந்த விளையாட்டு அப்படியே பின்பற்றியது.

2016-ல் வந்த ஆறாம் பாகத்தில் இந்தத் தண்டனைகள் ஏறக்குறைய எதுவும் இல்லை. நகரத்துக்கு என்று தனிப் பராமரிப்புச் செலவு கிடையாது, ஆராய்ச்சி விலையும் ஏறாது. செட்டிலர் தயாராகும் வரை நகரம் தன் பாட்டுக்கு வளரும். முடியும்போது ஓர் ஆள் குறையும், அவ்வளவுதான். இந்த மாற்றம் மண்டையில் ஏற எனக்கு இரண்டு முழு ஆட்டங்கள் தேவைப்பட்டன.

பாதை 1: பரப்புவது

ஆற்றங்கரைத் தலைநகரத்தை எடுத்துக்கொள்வோம். ஹவுசிங் 5, அரண்மனைக்கு 1, மொத்தம் 6. மக்கள்தொகை 4 வரை முழு வேகத்தில் வளரும். 5 ஆனதும் ஹவுசிங்குக்கும் ஆட்களுக்கும் இடையே ஒன்றுதான் மிச்சம், வளர்ச்சி பாதியாகிறது. 6 ஆனால் கால்வாசி.

இப்போது உணவுக் கணக்கு. 1-இலிருந்து 2 ஆக 15 உணவு போதும். 2-இலிருந்து 3-க்கு 24. அப்புறம் 34, 44, 55 என்று ஏறும். உங்கள் தலைநகரம் 5 பேரோடு இருக்கிறது, செலவு போக டர்னுக்கு 4 உணவு மிச்சம் என்று வையுங்கள். பாதி வேகத்தில் 6-ஆவது ஆள் வர 28 டர்ன் ஆகும். அதே நேரத்தில் ஒரு செட்டிலரை அனுப்பியிருந்தால்? புது நகரத்தில் டர்னுக்கு 3 உணவு மிஞ்சினாலே ஐந்தாவது டர்னில் இரண்டாவது ஆள், அடுத்த எட்டு டர்னில் மூன்றாவது ஆள். தலைநகரமும் 4-க்கு இறங்கியதால் மறுபடி முழு வேகத்துக்கு வந்துவிடும். 11 டர்னில் இழந்த ஆள் திரும்பிவிடுவார்.

அது போக, நகர மையக் கட்டம் யாரும் வேலை செய்யாமலேயே விளைச்சல் தரும்: குறைந்தது 2 உணவு, 1 உற்பத்தி. சமவெளிக் குன்றின்மேல் அமர்ந்தால் 2 உற்பத்தி. தலைநகரத்தில் ஒரு கட்டத்தில் வேலை செய்த அதே ஆள், புது ஊரில் ஒரு கட்டத்தில் வேலை செய்துகொண்டே இன்னொரு கட்டத்தின் பலனையும் இலவசமாகக் கொண்டுவருகிறார்.

ஆக, மக்கள்தொகை 5-ஐத் தொட்ட தலைநகரம் செட்டிலர் போடாமல் இருந்தால் அந்த உணவு வீண்.

சரி, இதன் மறைமுகச் செலவுகள். முதல் செட்டிலர் 80 உற்பத்தி, பிறகு ஒவ்வொன்றும் 30 கூடும். 80, 110, 140 என்று போய் ஒன்பதாவது 320. ஒன்பதுக்கும் சேர்த்து 1800. சின்னத் தொகை இல்லை, முப்பது ஆர்ச்சர்களின் விலை. இதைத் தணிக்கத்தான் சில வழிகள்:

- எர்லி எம்பயர் சிவிக் (கலாச்சாரப் புள்ளிகளால் கிடைக்கும் சமூக முன்னேற்றம்) தரும் காலனைசேஷன் கொள்கைக் கார்டு செட்டிலர் உற்பத்தியை 50 சதவீதம் கூட்டும். அந்தச் சிவிக்கை 40 சதவீதம் குறைந்த விலைக்கு எடுக்க நாட்டின் மொத்த மக்கள்தொகை 6 ஆனால் போதும்.
- கவர்னர் மேக்னஸுக்கு புரோவிஷன் பதவி உயர்வு கொடுத்தால், அவர் இருக்கும் நகரத்தில் செட்டிலர் போடும்போது ஆள் குறையாது.
- கவர்ன்மெண்ட் பிளாசா என்ற அரசுப் பகுதியில் ஆன்செஸ்ட்ரல் ஹால் கட்டிடம். அந்த நகரத்தில் செட்டிலருக்கு இன்னொரு 50 சதவீதம், மேலும் புதிதாக அமையும் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பில்டர் (நிலத்தை மேம்படுத்தும் தொழிலாளி) இலவசம்.
- கையில் காசு இருந்தால் வாங்கலாம். உற்பத்தி விலையைப் போல நான்கு மடங்கு, அதாவது முதல் செட்டிலர் 320 பொன். உபரி லக்ஷரியை (ஆடம்பர வளங்களை) கணினி நாடுகளுக்கு விற்றுச் சேர்க்கும் பொன்னுக்கு இதைவிட நல்ல செலவு இல்லை.

இந்த நான்கும் ஒரே தலைநகரத்தில் சேர்ந்து வரும்போது பரப்புவது வேறு ஓர் ஆட்டமாகவே ஆகிவிடுகிறது. ரோம் நாட்டின் டிராஜனை எடுத்தவர்களுக்கு இன்னும் சுகம். ஒவ்வொரு புது நகரத்திலும் மான்யூமெண்ட் கட்டியபடியே கிடைக்கும்.

எங்கே முதலில் அமர்வது என்பதில் மட்டும் பலர் தவறுகிறார்கள். தனக்குப் பின்னால், பத்திரமான மூலையில் இருக்கும் ஆற்றங்கரைக்குத்தான் கை முதலில் போகும். போகவே கூடாது. கொல்லைப்புற நிலம் எங்கும் ஓடிவிடாது. உங்களுக்கும் பக்கத்து நாட்டுக்கும் நடுவே இருப்பதை முதலில் அடையுங்கள். ஆனால் லாயல்டியைக் கணக்கிட்டுப் போங்கள். அவன் வாசலில் போய் ஓர் ஆள் ஊரைப் போட்டால் அது அவனுக்கு நாம் கட்டிக் கொடுத்த ஊர். செட்டிலரைத் தேர்ந்தெடுத்தால் திரையிலேயே கட்டத்துக்குக் கட்டம் லாயல்டி எண் தெரியும். அதைப் பார்க்காமல் அமர்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், கண்ணாடியிலும் சேர்த்து.

பாதை 2: சில நகரங்கள், கொழுத்த நகரங்கள்

பலருக்கு மனதுக்குப் பிடித்த பாதை இது, எனக்கும்தான். நான்கு அழகான நகரங்கள், அதிசயங்கள், தோட்டம் மாதிரி வயல்கள். கணக்குப் போட்டால்தான் வலிக்கிறது. ஒரே மாதிரி 40 பேர் கொண்ட இரண்டு நாடுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்:

| | 4 நகரம், தலா 10 பேர் | 10 நகரம், தலா 4 பேர் |
|---|---|---|
| வளர்ச்சிக்கான மொத்த உணவு | சுமார் 2030 | சுமார் 730 |
| செட்டிலருக்கான உற்பத்தி | 330 | 1800 |
| கட்டக்கூடிய சிறப்பு டிஸ்ட்ரிக்ட் (நகரத்தின் தனிப் பகுதி) | 16 | 20 |
| அதில் கேம்பஸ் (அறிவியல் பகுதி) அதிகபட்சம் | 4 | 10 |
| தேவைப்படும் அமெனிட்டி (மக்களை மகிழ்விக்கும் வசதி) | 16 | 10 |
| மூன்று வகை லக்ஷரி தருவது | 12 | 12 |

டிஸ்ட்ரிக்ட் எண்ணிக்கை எப்படி வந்தது என்றால், முதல் ஆளுக்கே ஒன்று, பிறகு மக்கள்தொகை 4, 7, 10 ஆகும்போது ஒவ்வொன்று. ஒரே வகை டிஸ்ட்ரிக்ட்டை ஒரு நகரத்தில் ஒருமுறைதான் கட்டலாம் என்பதால் கேம்பஸ் எண்ணிக்கை நகர எண்ணிக்கையைத் தாண்டாது. அமெனிட்டி முதல் இரண்டு பேருக்குத் தேவையில்லை, அப்புறம் இரண்டு பேருக்கு ஒன்று. லக்ஷரி ஒவ்வொன்றும் நான்கு நகரங்களுக்கு ஒவ்வொரு அமெனிட்டி தரும். அரண்மனையும் பொழுதுபோக்கு டிஸ்ட்ரிக்ட்டும் தருவதை இரண்டு பக்கமும் விட்டுவிட்டேன். செட்டிலராகப் போன ஆட்களைத் திரும்ப வளர்க்கும் உணவையும் சேர்க்கவில்லை. சேர்த்தாலும் இடைவெளி பெரிதாக மூடாது.

அதாவது பத்து நகரக்காரனுக்கு மூன்று லக்ஷரி தாராளமாகப் போதும். நான்கு நகரக்காரன் அதே மூன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நகரத்திலும் ஒரு அமெனிட்டி குறைவோடு நிற்பான். பெரிய நகரம்தான் சந்தோஷமான நகரம் என்ற நம் நினைப்புக்கு நேர் எதிர்.

அந்த அட்டவணையில் வராத செலவு ஹவுசிங். 10 பேரை வைக்க ஆறு, கிரானரி, அக்வடக்ட், அப்புறம் பாதி பாதியாகச் சேர்க்கும் பண்ணைகள் எல்லாம் வேண்டும். கிரானரி 65 உற்பத்தி, தருவது ஹவுசிங் 2, உணவு 1. பண்ணைகள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தால் உணவு கூடுவது பியூடலிசம் சிவிக் வந்த பிறகுதான். ஆக இந்தப் பாதைக்குத் தேவையான கருவிகள் நூறாவது டர்னை ஒட்டித்தான் கைக்கு வருகின்றன. முதல் நூறு டர்னுக்கான உத்தியாக இது பலவீனமாக இருப்பதற்கு அதுவே காரணம்.

ஆனாலும் இதுதான் சரி என்று ஆகும் இடங்கள் உண்டு. நீங்கள் ஒரு சின்னத் தீவில் பிறந்திருக்கிறீர்கள், ஷிப்பில்டிங் தொழில்நுட்பம் வந்து செட்டிலர் கடலில் இறங்க நாளாகும். அல்லது மூன்று பக்கமும் மலை, நான்காவது பக்கம் பாலைவனம். இல்லையென்றால் டெம்பிள் ஆஃப் ஆர்ட்டெமிஸ் என்ற அதிசயத்துக்கு ஏற்ற மாதிரி தலைநகரத்தைச் சுற்றி மேய்ச்சல், தோட்டம், வேட்டை வளங்கள் கொட்டிக் கிடக்கின்றன. அது 4 உணவு, 3 ஹவுசிங் தருவதோடு நான்கு கட்டத்துக்குள் இருக்கும் அத்தகைய ஒவ்வொரு மேம்பாட்டுக்கும் ஓர் அமெனிட்டி தரும். அப்போது ஆன்செஸ்ட்ரல் ஹாலுக்குப் பதில் ஆடியன்ஸ் சேம்பர் கட்டலாம். கவர்னர் உள்ள நகரங்களுக்கு 2 அமெனிட்டி, 4 ஹவுசிங். கவர்னர் இல்லாத நகரங்களில் லாயல்டி 2 குறையும், நகரமே நாலைந்துதான் என்றால் கவலையில்லை.

இங்கே நான் செய்யும் ஒரு கலப்பு உண்டு. தலைநகரத்தை மட்டும் கொழுக்க விட்டு, அங்கே கவர்னர் பிங்கலாவை உட்கார வைப்பேன். சரியான பதவி உயர்வுகளோடு அவர் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு அறிவியல், ஒரு கலாச்சாரம் என்று கூட்டித் தருவார். மற்ற ஊர்கள் எல்லாம் 4 அல்லது 7 பேரோடு நிற்கும் சின்ன ஊர்கள். செட்டிலர் போடும் வேலையை மேக்னஸோடு இரண்டாவது நகரம் பார்த்துக்கொள்ளும்.

பாதை 3: பக்கத்து வீட்டைப் பிடிப்பது

நான்கு ஆர்ச்சர் 240, இரண்டு வாரியர் 80. மொத்தம் 320 உற்பத்தி. மூன்று செட்டிலரின் விலை 330. ஆகப் படையெடுப்பு லாபம் என்று சொல்ல வேண்டுமானால் குறைந்தது மூன்று நகரத்துக்குச் சமமானது கிடைக்க வேண்டும். பக்கத்து நாட்டுத் தலைநகரம் ஒன்றையே இரண்டாக எண்ணலாம், நல்ல நிலத்தில், வளர்ந்த நிலையில், சில வேளை டிஸ்ட்ரிக்ட்டோடு வரும். கூட ஒரு சின்ன நகரம் கிடைத்தால் கணக்கு நேர். போகிற வழியில் அவனுடைய செட்டிலர் ஒன்று தனியாக நடந்து போனால் அதையும் பிடித்துக்கொள்ளலாம், அது செட்டிலராகவே நம் கைக்கு வரும். அதில் கிடைக்கும் திருப்தி வேறு.

விலையைக் குறைக்கவும் வழி இருக்கிறது. கவண் வீரனான ஸ்லிங்கர் 35 உற்பத்திதான். ஸ்லிங்கரால் ஒரு பார்பேரியனைக் கொன்றால் ஆர்ச்சரி தொழில்நுட்பத்துக்கு யுரேகா (ஆராய்ச்சி விலைச் சலுகை) கிடைக்கும். பிறகு பொன் கொடுத்து ஸ்லிங்கர்களை ஆர்ச்சராக உயர்த்தலாம். கிராஃப்ட்ஸ்மேன்ஷிப் தரும் அகோகே கார்டு இந்தக் காலத்துப் படைகளின் உற்பத்தியை 50 சதவீதம் கூட்டும். அது ராணுவ இடத்தில் உட்காரும், காலனைசேஷன் பொருளாதார இடத்தில், அதனால் இரண்டையும் ஒரே நேரத்தில் வைக்கலாம்.

எல்லாம் ஒரு கதவு மூடுவதற்குள் நடக்க வேண்டும். அந்தக் கதவின் பெயர் மேசன்ரி, மதில் கட்ட வழிவிடும் தொழில்நுட்பம். மதில் எழும்பாத நகரம் திருப்பிச் சுடாது. மதில் வந்துவிட்டால் நகரமே அம்பு எய்யும், நம் ஆர்ச்சர்களின் அடி மதிலில் சிராய்ப்புதான், பேட்டரிங் ராம் (மதில் இடிக்கும் கருவி) இல்லாமல் வாரியரும் பயன்படாது. மதிலுக்குக் கணினி செலவிட வேண்டியது 80 உற்பத்தி மட்டும். உங்கள் 320 அந்த 80-க்கு முன்னால் வீணாகலாம். இந்தப் பாதையின் பெரிய மறைமுகச் செலவு அது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான்கு ஆர்ச்சர், ஒரே ஒரு வாரியர். நகரத்தின் உயிர் 200-இலிருந்து ஆறு டர்னில் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. வாரியரைப் போன டர்னில்தான் ஒரு ஸ்பியர்மேன் கொன்றிருந்தான். ஆர்ச்சரால் நகரத்துக்குள் நுழைய முடியாது. சுற்றி எல்லாக் கட்டமும் நம் கட்டுப்பாட்டில் இல்லாததால் நகரம் டர்னுக்கு டர்ன் தன்னைத் தேற்றிக்கொண்டது. தலைநகரத்திலிருந்து புது வாரியர் நடந்து வந்து சேர்வதற்குள் மதில் முளைத்துவிட்டது. நான்கு ஆர்ச்சர்களும் அதைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அன்றிலிருந்து கைகலப்புப் படை இரண்டு இல்லாமல் நான் கிளம்புவதில்லை.

பிடித்த பிறகும் முடிவதில்லை. எதிரியின் மிச்ச நகரங்கள் பக்கத்தில் இருந்தால் லாயல்டி இழுபறியில் அது மறுபடி கையை விட்டுப் போகும். கவர்னர் ஒருவரை அனுப்பினால் டர்னுக்கு 8 லாயல்டி கிடைக்கும், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. அதனால் ஒரு நகரத்தை மட்டும் கடித்துவிட்டு நிற்பது மோசம். அடித்தால் அந்த மூலையையே முடித்துவிட வேண்டும். மற்ற நாடுகளின் மனக்கசப்பு ஆரம்ப யுகத்தில் குறைவு, பின்னால் போகப் போகக் கூடும் என்பதும் சீக்கிரம் அடிப்பதற்கு ஒரு காரணம்.

யாரை எடுத்தால் இது இயல்பாக வரும்? ஆஸ்டெக்கின் ஈகிள் வாரியர் தோற்கடித்த படையைப் பில்டராக்கித் தரலாம். சுமேரியாவின் வார் கார்ட்டுக்கு எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை, முதல் டர்னிலிருந்தே போடலாம், பலம் 30. சாதாரண வாரியர் 20. இதைத் திருப்பிப் போட்டும் படியுங்கள்: பக்கத்தில் இருப்பவன் கில்காமேஷ் என்றால், 23-ஆவது டர்னில் ஆர்ச்சரை வைத்து அவனை வெட்டவெளியில் சந்திப்பது நல்ல யோசனை இல்லை.

மிகக் கடினமான டீட்டி மட்டத்தில் ஆடுபவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. அங்கே கணினி மூன்று செட்டிலர்களோடு தொடங்குகிறது. நீங்கள் இரண்டாவது நகரம் போடுவதற்குள் நடு நிலம் போய்விடும். கீழ் மட்டங்களில் ஆசைக்காகச் செய்யும் இந்த மூன்றாம் பாதை அங்கே பல வேளை ஒரே பாதையாகிவிடுகிறது, அவன் நமக்காகக் கட்டி வைத்திருக்கிறான் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எப்போது எது

20-ஆவது டர்னில் ஒரு நிமிடம் நிறுத்தி எண்ணுங்கள். நகரங்களுக்கு நடுவே குறைந்தது 3 கட்டம் விட வேண்டும் என்ற விதிப்படி, நீங்கள் முதலில் போய்ச் சேரக்கூடிய தண்ணீர் உள்ள இடங்கள் எத்தனை?

நான்கோ அதற்கு மேலோ இருந்தால் பரப்புங்கள், யோசிக்கவே வேண்டாம். நூறாவது டர்னில் பத்து நகரம் என்பது ஆடுபவர்கள் வாயில் புழங்கும் அளவுகோல். எட்டு வந்தாலும் மோசமில்லை.

இரண்டுக்குக் கீழே, பத்துக் கட்டத்துக்குள் ஒரு நாடு, அதற்கு இன்னும் மதில் இல்லை என்றால் படை.

இரண்டுக்குக் கீழே, பக்கத்தில் யாரும் இல்லை என்றால் உள்ள நிலத்தில் கொழுக்க வளருங்கள். அப்போதும் நகரங்களை நெருக்கி நெருக்கிப் போடுங்கள், கடல் ஓர ஊராக இருந்தாலும் பரவாயில்லை. ஆறு கட்ட இடைவெளி விட்டு ராஜா மாதிரி அமர்வது வெறும் அழகு. ஒரு நகரம் 36 கட்டங்களில் வேலை செய்யலாம் என்றாலும் 7 பேருக்கு 7 கட்டம் போதும், மற்றவை சும்மா கிடக்கும்.

இரண்டு, மூன்று இடங்கள் என்ற நடுவாந்தர நிலையில்தான் உண்மையான குழப்பம். அங்கே நான் இரண்டு செட்டிலர் போட்டுவிட்டு, பாதுகாப்புக்காகப் போடும் ஆர்ச்சர்களையே பிறகு படையாக நகர்த்துவேன்.

எந்தப் பாதையில் போனாலும் ஒன்றைச் செய்யலாம். டிஸ்ட்ரிக்ட் விலை 54-ல் தொடங்கி, நீங்கள் தொழில்நுட்பமும் சிவிக்கும் சேர்க்கச் சேர்க்க ஏறும், ஆனால் இடத்தைக் குறித்துவிட்டால் அந்த விலை அப்படியே நின்றுவிடும். புது நகரம் போட்ட அன்றே கேம்பஸ் இடத்தைக் குறித்துவிட்டு, அப்புறம் மான்யூமெண்ட்டுக்கு மாறிக்கொள்ளலாம்.

அக்கா மகனின் வரைபடத்துக்கு வருவோம். கில்காமேஷின் தலைநகரம் மேற்கே 12 கட்டம். கிழக்கே மலை. தெற்கே ஆறு வளைந்து போகிறது, அதில் மூன்று நல்ல இடங்கள். மேற்கே 5 கட்டத்தில் ஏரி ஒட்டி ஒன்று. மொத்தம் நான்கு. அந்த ஏரியில் லாயல்டி நிற்குமா என்று பயந்தான். தலைநகரத்தின் 3 பேர் 5 கட்டத் தூரத்தில் பாதி வலுவோடு இழுக்கிறார்கள், அதாவது 1.5. கில்காமேஷின் 4 பேர் 7 கட்டத்தில், 30 சதவீதம், 1.2. புது ஊரின் ஓர் ஆளும் நம் பக்கம். நிற்கும்.

"அப்ப செட்டிலர், ஏரிக்கு. கிரானரி அப்புறம். தெற்குல இருக்குற ஆறு எங்கயும் போயிடாதுடா" என்று எழுதினேன்.

"ஆர்ச்சர்?"

"ஒன்னே ஒன்னு. செட்டிலர் கூட நடக்குறதுக்கு."

அரை மணி கழித்து அடுத்த ஸ்கிரீன்ஷாட். 33-ஆவது டர்ன். ஏரிக்கு இரண்டு கட்டம் முன்னால் ஒரு பார்பேரியன், அவன் கையில் நம் செட்டிலர். "ஆர்ச்சர் போட்டா நாலு டர்ன் லேட்டாகும்னு நெனச்சேன் மாமா."

முகாம் எங்கே என்று கேட்டேன். வடக்கே நான்கு கட்டம். வாரியர் கையில் இருக்கிறார், செட்டிலரை மீட்கலாம், ஓடினால்.